ஹேண்ட் பிரேக் நிற்கவில்லையா? கேபிளை விட்டுவிட்டு டிரம்மைத் திறந்து பாருங்கள்

வாசகர் கேள்வி – பட்டறை பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் சாயலில் சொந்தமாக ரெப்ளிகா கட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இந்த இதழில். எல்லாமே ஹேண்ட் பிரேக் பற்றியவை. இன்ஜினுக்கும் பெயிண்டுக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள் இதை மட்டும் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்பது கேள்விகளைப் படித்தாலே தெரிகிறது.

கேள்வி: லோட்டஸ் செவன் மாதிரியில் கார் கட்டி வருகிறேன். பின்னால் மாருதி ஆம்னி ஆக்ஸில், டிரம் பிரேக். லீவர் 12 பல் (இழுக்கும்போது கேட்கும் 'டிக்') ஏறியும் வீட்டு வாசல் சாய்வில் வண்டி நகர்கிறது. கேபிள் நட்டை இறுக்கினால் பிடிக்கிறது. ஆனால் ஓட்டிவிட்டு வந்தால் பின்சக்கரம் கொதிக்கிறது. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் "கேபிள் நீண்டுபோச்சு, புதுசு போடுங்க" என்கிறார். போடலாமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: போட வேண்டாம். கேபிள் நீண்டதுதான் காரணம் என்றால், இறுக்கியதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். இறுக்கினால் உரசல், தளர்த்தினால் பிடிப்பில்லை என்றால் கோளாறு டிரம்முக்குள் இருக்கிறது. பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகமாகிவிட்டது. அந்த இடைவெளியைக் கேபிளை இழுத்து அடைக்கப் பார்க்கிறீர்கள்.

டிரம்மைக் கழற்றினால், பின்பக்க ஷூவோடு சேர்ந்து ஒரு தட்டை லீவர் தெரியும். கேபிளின் முனை மாட்டியிருப்பது அதில்தான். ஹேண்ட் பிரேக் போடாதபோது அந்த லீவரின் குதி ஷூவின் விளிம்பில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். கேபிளை முறுக்கிவைத்தால் லீவர் அந்த இடத்துக்குத் திரும்பாது. ஷூ இரண்டும் எப்போதும் அரை மில்லிமீட்டர் விரிந்தே நிற்கும், உரசும், சூடாகும். இன்னொரு தொல்லையும் உண்டு. தானாக இடைவெளி குறைக்கும் அட்ஜஸ்டர் உள்ள ஆக்ஸிலில், ஷூ விரிந்தே இருப்பதால் அட்ஜஸ்டர் 'எல்லாம் சரி' என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும். லைனிங் தேயத் தேயக் கால் பிரேக்கும் கீழே இறங்கும்.

ஆகவே வேலையைச் சக்கரத்தில் தொடங்கி லீவரில் முடியுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டை ஆக்ஸில் குழாயின் அடியில் வையுங்கள். சேஸிஸுக்கு அடியில் வைத்தால் ஆக்ஸில் தொங்கும், கேபிள் அளவு மாறிவிடும். லீவரை முழுக்க இறக்கிவிட்டு, கேபிள் நட்டைக் கேபிள் தொளதொளவென்று ஆகும்வரை தளர்த்துங்கள். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டு டிரம்மைக் கழற்றுங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியவை: லைனிங் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் ஷூவை மாற்றிவிடுங்கள். ஆக்ஸில் சீலிலிருந்து ஆயில் கசிந்து லைனிங் கறுத்துப் பளபளத்தால் பெட்ரோலில் கழுவி, காய்ச்சி, தேய்த்துக் காப்பாற்றலாம் என்று கிளம்பாதீர்கள். அது திரும்பப் பிடிக்காது. முதலில் சீல், பிறகு இரண்டு பக்கமும் புது ஷூ. பேக் பிளேட்டில் (ஷூக்களைத் தாங்கும் பின் தகடு) ஷூவின் விளிம்பு உரசுகிற மேடுகளில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அங்கே சிக்கும். அரத்தால் சமப்படுத்தி, நகக்கண் அளவு கிரீஸ் தடவுங்கள். அதற்கு மேல் தடவினால் அது லைனிங்கில்தான் போய்ச் சேரும். கேபிள் மாட்டும் லீவரை விரலால் இழுத்து விடுங்கள். 'டக்'கென்று திரும்ப வேண்டும். மெதுவாக ஊர்ந்து வந்தால் அது திரும்புகிற பின்னில் (ஆணியில்) துரு.

பழைய ஆக்ஸில் வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று: டிரம்மை லேத்தில் கடைந்திருந்தால் அதன் உள்விட்டம் கூடியிருக்கும். புது லைனிங்கின் வளைவு அதற்குப் பொருந்தாது. நடுப்பகுதி மட்டும் தொடும், ஓரங்கள் தொடாது. சாக்பீஸை டிரம்மின் உள்ளே தேய்த்து, மாட்டி, பிரேக்கை அழுத்திக் கழற்றினால் எங்கே தொடுகிறது என்று லைனிங்கிலேயே வெள்ளையாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்குதான் தொடுகிறது என்றால் எந்தக் கேபிள் போட்டாலும் சாய்வில் நிற்காது. அதிகபட்ச விட்டம் எவ்வளவு என்று பெரும்பாலான டிரம்மிலேயே வார்த்திருப்பார்கள். அதைத் தாண்டியிருந்தால் பழைய இரும்புக்குத்தான் அந்த டிரம்.

எல்லாம் சரி என்றால் டிரம்மை மாட்டி, அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும்வரை திருப்பி, பிறகு லேசாக 'ஸ்ஸ்' சத்தம் மட்டும் கேட்கும்வரை பின்வாங்குங்கள். கால் பிரேக்கை நான்கைந்து தடவை ஓங்கி மிதியுங்கள். ஷூ நடுவில் வந்து உட்காரும். பெரும்பாலும் அட்ஜஸ்டரில் இன்னும் ஓரிரு பல் இறுக்க இடம் கிடைக்கும். இதற்குப் பிறகுதான் கேபிள். லீவர் இரண்டு பல் ஏறும் வரை சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், மூன்று நான்கில் இழுபட வேண்டும், ஆறு ஏழில் கையால் திருப்பவே முடியக்கூடாது. அப்படி வரும்வரை நட்டைத் திருப்பி, லாக் நட்டை இறுக்குங்கள். 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை மறுபடி பாருங்கள். புதுக் கேபிளின் அவுட்டர் (வெளியுறை) சற்று அமுங்கி உட்காரும், அவ்வளவுதான். அதற்கப்புறமும் மாதம் ஒரு முறை நட்டைத் திருப்ப வேண்டியிருந்தால் டிரம்முக்கே திரும்பிப் போங்கள்.

கேள்வி: என் சேஸிஸுக்குப் பொருந்தும் நீளத்தில் கடையில் கேபிள் இல்லை. அளவு சொல்லிச் செய்து வாங்க நினைக்கிறேன். எப்படி அளப்பது? பித்தளை நிப்பிளை (கம்பி முனையில் மாட்டும் குமிழ்) ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். சரியா?
— வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: ஈயப் பற்று பைக் கிளட்ச் கேபிளுக்கு ஓடும். காரை நிறுத்திவைக்கிற கேபிளுக்கு ஆகாது. முனைகள் பிரஸ்ஸில் அமுக்கியவையாக இருக்க வேண்டும். எஃகு முனைக்குள் கம்பியை நுழைத்து, நாலாபக்கமும் நசுக்கிப் பிடிக்கிற முறை. கம்பியை மடக்கி யூ கிளிப் போட்டு இரண்டு நட் முறுக்குவது அளவு பார்க்கிற அன்றைக்கு மட்டும். அதை அப்படியே விட்டுவிட்டு ரோட்டில் இறங்குகிறவர்களும் உண்டு; கிளிப் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மயிரிழை நழுவும், கம்பி இழைகளை வெட்டவும் செய்யும்.

உள் கம்பி 3 மி.மீ. போதும். பைக் கிளட்சுக்கு வருவது 2 மி.மீ. அளவுதான், அதைப் போடாதீர்கள். அறுந்துவிடும் என்பதைவிட, இழுக்கும்போது நீண்டு உங்கள் லீவர் ஓட்டத்தை அதுவே தின்றுவிடும் என்பதுதான் காரணம்.

அளக்கும்போது எல்லோரும் செய்கிற தவறு, மொத்த நீளம் ஒன்றை மட்டும் எழுதிக் கொடுப்பது. அளவு மூன்று. ஒன்று, அவுட்டரின் நீளம்: லீவர் பக்கத்துப் பிராக்கெட்டிலிருந்து பேக் பிளேட் வரை, கேபிள் போகிற வழியிலேயே. இரண்டு, சக்கரப் பக்கம் வெளியே நீட்டியிருக்கும் உள் கம்பி: டிரம் லீவர் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவுட்டர் முட்டுகிற இடத்திலிருந்து கொக்கி வரை. மூன்று, லீவர் பக்கம் நீட்டியிருக்கும் கம்பி: லீவரை முழுக்க இறக்கியபோது, பிராக்கெட்டிலிருந்து யோக் (லீவரின் இழுப்பை இரண்டு கேபிளுக்கும் பிரித்துக் கொடுக்கும் துண்டு) துளையின் மையம் வரை. வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்க வேண்டும். சீட்டில் ஆள் எடைக்கு இரண்டு சிமெண்ட் மூட்டை வைத்தால் இன்னும் நல்லது.

ஒரு கணக்கு: பழைய கேபிள் அவுட்டர் ஒன்றை வழியில் வளைத்துப் பார்த்தால் 1,420 மி.மீ. வருகிறது. சக்கரப் பக்கம் 62, லீவர் பக்கம் 85. அப்படியானால் அவுட்டர் 1,420. உள் கம்பி, முனையின் மையத்திலிருந்து மையம் வரை, 1,567. அட்ஜஸ்டர் மரை 45 மி.மீ. நீளம் இருக்கட்டும், அளக்கும்போது நட்டை மரையின் கால் பங்கில் வைத்து அளங்கள். மரையின் நடுவில் வைத்து அளந்தால் இறுக்க மிச்சம் குறையும். ஆரம்பத்திலேயே வைத்தால், கேபிள் 5 மி.மீ. குறைவாக வந்துவிட்டால் மாட்டவே முடியாது.

வழியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கேபிள் வளைகிற ஒவ்வொரு டிகிரிக்கும் நீங்கள் இழுக்கிற பலத்தில் ஒரு பங்கு உராய்வில் போகிறது. உள்ளே டெஃப்லான் குழல் உள்ள நல்ல கேபிளில், வளைவுகளின் மொத்தக் கூட்டு 90 டிகிரி என்றால் 15 சதவீதம் போகும். 180 டிகிரி என்றால் 27 சதவீதம். அதே 180 டிகிரியில், துருவேறி மண் புகுந்த கேபிள் ஏறக்குறைய பாதிப் பலத்தை விழுங்கிவிடும். இந்த இழப்பு வளைவு பெரியதா சின்னதா என்பதைப் பார்ப்பதில்லை. மொத்தம் எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. ஆகையால் அழகாக இருக்கிறது என்று சேஸிஸ் குழாய்களோடு ஒட்டி ஒட்டி வளைத்துக் கொண்டுபோகாதீர்கள். நேராகப் போகிற வழி இருந்தால் அதுதான் வழி. ஆரம் 15 செ.மீ.க்குக் குறையக்கூடாது என்பது தனி விஷயம். இறுக்கி வளைத்தால் உள்குழல் ஒரே இடத்தில் அறுபட்டு, கம்பி எஃகில் உரச ஆரம்பிக்கும்.

செவன் மாதிரி வண்டியில் டன்னலுக்குள் (சீட்டுகளுக்கு நடுவில் உள்ள மேடு) பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டும் கேபிளும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. லீவர் இறக்கியிருக்கும்போது யோக் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். தளர்ந்த நிலையில்தான் அது ஷாஃப்டில் போய் இடிக்கும். ஷாஃப்ட் மேலேறும் அளவையும் சேர்த்துக் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும், இல்லையென்றால் யோக்குக்குக் கீழே ஒரு தகடு தாங்கி வையுங்கள். சைலன்சர் குழாயிலிருந்து 75 மி.மீ. தள்ளி, நடுவில் அலுமினியத் தகடு. பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுவது சைலன்சர் பக்கம் உதவாது. ரப்பர் வைத்த உலோகக் கிளிப்தான், சுமார் 30 செ.மீ.க்கு ஒன்று. கிளிப் கேபிளைத் தாங்க வேண்டுமே தவிர நெரிக்கக்கூடாது.

கேள்வி: லீவரை இழுத்தால் அது வருகிறது, ஆனால் சக்கரத்தில் பிடிப்பு வருவதில்லை. டிரம், கேபிள் எல்லாம் புதிது. லீவரை டன்னல் தகட்டில் நான்கு போல்ட் போட்டு மாட்டியிருக்கிறேன்.
— வாசகர், கப்பலூர்

பதில்: ஒருவரை லீவரை இழுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். லீவரின் அடிப்பாகம், அவுட்டர் முட்டுகிற பிராக்கெட், பேக் பிளேட், இந்த மூன்றில் எது அசைந்தாலும் அந்த அசைவு உங்கள் பிரேக்கிலிருந்து கழிகிறது. சாதாரண லீவரில் பிடியிலிருந்து பிவட் (லீவர் திரும்பும் அச்சு) வரை 300 மி.மீ., பிவட்டிலிருந்து கேபிள் மாட்டும் பின் (ஆணி) வரை 45 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பலம் ஆறரை மடங்குக்கு மேல் பெருகும். அதே கணக்கில் ஓட்டம் சுருங்கும். கை 180 மி.மீ. போனால் கேபிள் 27 மி.மீ.தான் வரும். அதில் டன்னல் தகடு 6 மி.மீ. குழைந்து கொடுத்து, பிராக்கெட் 4 மி.மீ. வளைந்தால் மிச்சம் என்ன?

ஒன்றேகால் மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் லீவர் நிற்காது. தகட்டின் கீழே இரண்டு சேஸிஸ் குழாய்களை இணைத்து 3 மி.மீ. எஃகுத் தட்டு பற்றவைத்து, அதில் 8 மி.மீ. விட்டத்தில் 8.8 தர போல்ட் போடுங்கள். சதுரக் குழாயைத் துளைத்துப் போல்ட் போடுவதாக இருந்தால் உள்ளே புஷ் குழாய் கொடுத்து விளிம்பில் பற்றவைக்க வேண்டும். வெறும் குழாயை இறுக்கினால் குழாய் நசுங்கும், போல்ட் தளரும். அவுட்டர் பிராக்கெட்டுக்கும் 3 மி.மீ. தட்டு, பக்கத்தில் முக்கோண மடக்கு. கண்ணாடியிழை பாடியில் எதையும் முட்டுக்கொடுக்காதீர்கள். பெயிண்ட் அடித்த பிறகு பற்றவைக்கிற நிலை வந்தால் மனசு கேட்காது, ஆகையால் இதை முன்னாலேயே செய்துவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள்: முழுக்க இழுத்த நிலையில், லீவரின் கேபிள் பின்னும் பிவட்டும் சேரும் கோடு கேபிளுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இழுக்க ஆரம்பிக்கும்போது செங்குத்தாக இருந்து, பிடிக்க வேண்டிய நேரத்தில் சாய்ந்துவிட்டால் கை எவ்வளவு இழுத்தாலும் கேபிள் நகராது.

கேள்வி: ஜாக்கி போட்டுத் தூக்கினால் பின்சக்கரம் பிடித்துக்கொள்கிறது. இறக்கினால் விட்டுவிடுகிறது. பேய் பிடித்ததா?
— வாசகர், மேலூர்

பதில்: பேய் இல்லை, கேபிள் குட்டை. சேஸிஸைத் தூக்கும்போது ஆக்ஸில் கீழே தொங்குகிறது, அவுட்டர் இழுபட்டு நிமிர்கிறது, உள் கம்பி இழுக்கப்படுகிறது. சாலையில் பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும்போதும் இதேதான் நடக்கும், நீங்கள் ஹேண்ட் பிரேக்கைத் தொடாமலே.

சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்குத் தாண்டும் இடத்தில் கேபிள் தளர்வாக ஒரு வில் போல வளைந்திருக்க வேண்டும்; அந்த இடத்தில் எந்தக் கிளிப்பும் கூடாது. முழுக்கத் தொங்கும்போதும் அந்த வில் முற்றிலும் நேராகக்கூடாது, முழுக்க அமுங்கும்போது மடங்கி டயரைத் தொடவும் கூடாது. தனித்தனி சஸ்பென்ஷன் வைத்தவர்கள் கேபிளை விஷ்போனின் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை) உள்பிவட்டை ஒட்டிக் கொண்டுபோனால் ஏற்ற இறக்கத்தில் நீளம் பெரிதாக மாறாது. சோதனை எளிது: ஷாக் அப்சார்பரை ஒருபக்கம் கழற்றிவிட்டு, ஆக்ஸிலை ஜாக்கியால் ஏற்றி இறக்கியபடியே சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருங்கள். எந்த இடத்திலும் சுற்றல் கனக்கக்கூடாது.

கேள்வி: பின்பக்கம் டிஸ்க் போட்டேன், ஹேண்ட் பிரேக் லீவர் காலிபரிலேயே (பேடுகளை டிஸ்க்கின் மேல் அமுக்கும் பாகம்) இருக்கிற வகை. மாட்டிய நாளிலிருந்து கால் பெடல் நாளுக்கு நாள் கீழே போகிறது. ஏர் இல்லை, மூன்று தடவை பிளீட் செய்து (பிரேக் ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றி) பார்த்துவிட்டேன்.
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: நான்காவது தடவை பிளீட் செய்யாதீர்கள். திருமங்கலம் வாசகருக்குச் சொன்ன அதே நோய், வேறு உடம்பில். இந்த வகைக் காலிபரில் பிஸ்டனுக்குள் ஒரு திருகு இருக்கிறது. பேட் தேயத் தேய அந்தத் திருகு தானே சுழன்று நீண்டு, பிஸ்டனை முன்னால் வைத்துக்கொள்ளும். அதற்கு ஒரே நிபந்தனை: காலிபரின் லீவர் முழுக்கத் திரும்பி, தன் முட்டில் போய் நிற்க வேண்டும். நீங்கள் கேபிளை இறுக்கி மாட்டியதால் லீவர் முட்டைத் தொடவில்லை, திருகு வேலை செய்யவில்லை, பேட் தேய்ந்த அளவுக்குப் பிஸ்டன் அதிகமாக ஓட வேண்டியிருக்கிறது, பெடல் இறங்குகிறது.

கேபிள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் கால் பிரேக்கை முழுக்க இல்லாமல் மிதமாக இருபது தடவை மிதியுங்கள். காலிபர் லீவரையும் கையால் சில முறை இயக்கிவிடுங்கள். பெடல் மேலே வந்துவிடும். வராவிட்டால் பிஸ்டன் திருகு இறுகியிருக்கிறது, காலிபரைப் பிரிக்க வேண்டும். பிறகு கேபிளை மாட்டி, இரண்டு லீவரும் முட்டில் உட்கார்ந்திருக்க, கேபிளில் ஒரு மில்லிமீட்டர் தளர்வு இருக்கும்படி நட்டை வையுங்கள். பேட் மாற்றும்போது பிஸ்டனை சி கிளாம்ப் போட்டு அமுக்காதீர்கள், திருகு உடையும். அதற்கென்று உள்ள கருவியால் அமுக்கிக்கொண்டே சுழற்ற வேண்டும், பெரும்பாலும் கடிகார முள் திசையில். முடிவில் பிஸ்டன் முகத்தின் பள்ளம், பேட் முதுகில் உள்ள முளைக்கு நேராக நிற்கட்டும்.

டிஸ்க்குக்கு மாறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. டிரம்மில் ஒரு ஷூ, டிரம் சுழல முயலும்போது தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த உதவி டிஸ்க்குக்குக் கிடையாது. போதாக்குறைக்கு, மலையிறங்கி வந்து டிஸ்க் கொதிக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டால், அது ஆறிச் சுருங்கும்போது பிடி தளரும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து சாய்வில் நிறுத்துகிறீர்கள் என்றால் கியரிலும் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். டிஸ்க் ஆறியதும் இன்னொரு பல் ஏற்றிக்கொள்ளுங்கள். எங்களைக் கேட்டால், 800 கிலோவுக்கு உட்பட்ட ரெப்ளிகாவுக்குப் பின்னால் டிரம்மே போதும். சக்கரத்தின் வழியே டிஸ்க் தெரிய வேண்டும் என்பதற்காக நல்ல ஹேண்ட் பிரேக்கை இழக்க வேண்டாம்.

கேள்வி: ரேலி கார்களில் வருகிற ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக்கை மாட்டிவிட்டால் கேபிள் தொல்லையே இல்லையே?
— வாசகர், அலங்காநல்லூர்

பதில்: கூடாது. ஹைட்ராலிக் அழுத்தம் இரவோடு இரவாக இறங்கும். விடிந்தால் வண்டி எதிர்வீட்டுச் சுவரில் நிற்கும். நிறுத்தி வைக்கிற பிரேக்கைப் பூட்டிப் பிடித்திருப்பது முழுக்க முழுக்க இயந்திர முறையாக இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட விதி. வளைவில் வாலைச் சுழற்ற ஹைட்ராலிக் வேண்டுமானால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கேபிளைக் கழற்றாமல்.

கேள்வி: எம்ஜி டி.டி. (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) சாயலில் கட்டிய வண்டி வாங்கினேன். லீவரை இழுத்துவிட்டால் நிற்காமல் திரும்பிவிடுகிறது. பல் தேய்ந்துவிட்டதா?
— வாசகர், கே.புதூர்

பதில்: தேயாமலும் இருக்கலாம். அந்தக் கால எம்ஜி டி.சி., டி.டி. கார்களில் லீவர் தலைகீழ் வழக்கம்: சும்மா இழுத்தால் பூட்டாது, இழுத்துப் பிடித்து உச்சியிலுள்ள பொத்தானை அமுக்கினால்தான் பூட்டும். விடுவிக்க, லேசாகப் பின்னால் இழுத்தாலே போதும், தானே பறந்துவிடும். உங்கள் வண்டியைக் கட்டியவர் அசலைப் பின்பற்றியிருக்கிறார். பொத்தானை அமுக்கியும் நிற்கவில்லை என்றால் ராட்செட் பல்லின் முனையோ அதில் மாட்டும் கொண்டியோ மழுங்கியிருக்கும். கொண்டி மழுங்கினால் அதை அரத்தால் கூராக்கலாம், பல் மழுங்கினால் பல் தட்டையே மாற்ற வேண்டும். வீட்டில் மற்றவர்களும் ஓட்டுகிறார்கள் என்றால் சாதாரண லீவருக்கு மாற்றிவிடுங்கள். அசல் தோற்றத்தைவிட, பழக்கதோஷத்தில் இழுத்துவிட்டு இறங்கிப் போகிறவரின் நிலைமை முக்கியம்.

கேள்வி: ஹேண்ட் பிரேக் போதுமானதா என்று எப்படிச் சோதிப்பது? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்ன பார்ப்பார்கள்?
— வாசகர், சிம்மக்கல்

பதில்: இலக்கு, முழு எடையோடு 20 சதவீதச் சாய்வில் ஏற்ற முகமாகவும் இறக்க முகமாகவும் அசையாமல் நிற்பது. ஐரோப்பிய விதிகளில் கார்களுக்கு இதுதான் அளவு. கையால் இழுக்கும் பலம் 400 நியூட்டனைத் தாண்டக்கூடாது. ஏறக்குறைய 40 கிலோ தூக்குகிற பலம். 20 சதவீதம் என்றால் 5 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம். ஒரு மீட்டர் பலகையைச் சாய்வில் வைத்து, தாழ்ந்த முனையைத் தூக்கி ரசமட்டத்தால் மட்டம் பார்த்தால் தூக்கிய முனைக்கு அடியில் 20 செ.மீ. இடைவெளி வர வேண்டும். தெருவிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஏற நம் வீடுகளில் போடுகிற சிமெண்ட் சாய்வு பல இடங்களில் இதைவிடச் செங்குத்து, அளந்து பாருங்கள்.

சாய்வு கிடைக்காவிட்டால் தரையிலேயே சோதிக்கலாம். காலி வண்டி 700 கிலோ, இருவர் 150 கிலோ, மொத்தம் 850 என்றால் 20 சதவீதச் சாய்வு அந்த வண்டியை 167 கிலோ பலத்தில் கீழே இழுக்கும். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் விட்டு, செயின் பிளாக்குக்கு நடுவில் தொங்கு தராசு மாட்டி இழுங்கள். 167 காட்டும்வரை சக்கரம் திரும்பக்கூடாது. முன்னாலும் பின்னாலும் இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது செயினுக்கு நேராக யாரும் நிற்க வேண்டாம். அப்படியே யோக்கையும் பார்த்துவிடுங்கள்: அது ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால் ஒரு கேபிள் இறுகிவிட்டது அல்லது ஒரு டிரம் சரிசெய்யப்படவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96ஆவது விதி கால் பிரேக்கும் நிறுத்து பிரேக்கும் தனித்தனியாக, ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ரெப்ளிகாவுக்கு அதைவிடப் பெரிய தடை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் உற்பத்தியாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆம்னியின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு செவன் ஓட்ட முடியாது. சேஸிஸ் குழாய் வாங்குவதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லாத வண்டி தனியார் இடத்தைத் தாண்டி வெளியே வரக்கூடாது.

கேள்வி: ஐப்பசி மழையில் இரண்டு வாரம் நிறுத்தியிருந்தேன். இப்போது லீவரை இறக்கியும் சக்கரம் விடவில்லை. கேபிளுக்குள் ஆயில் விடலாமா?
— வாசகர், சோழவந்தான்

பதில்: முதலில் எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். யோக்கிலும் பேக் பிளேட் பக்கத்திலும் கேபிள் தொளதொளத்தும் சக்கரம் பிடித்திருந்தால் லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டியிருக்கிறது. டிரம்மின் ஓரத்தில் மரச் சுத்தியால் சுற்றிலும் தட்டினால் 'டப்' என்று விடும். இன்ஜின் பலத்தில் இழுத்துப் பிய்க்காதீர்கள், லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்துவிடும். யோக் பக்கம் தளர்ந்தும் பேக் பிளேட் பக்கத்தில் உள் கம்பி திரும்பாமல் விறைத்து நின்றால் கேபிளுக்குள் துரு.

டெஃப்லான் குழல் உள்ள கேபிளுக்கு ஆயில் வேண்டாம். செம்மண் புழுதி அதில் ஒட்டி அரத்தூள் மாதிரி ஆகிவிடும். குழல் இல்லாத பழைய வகைக்கு மட்டும், மாட்டும் முன் உள் கம்பி முழுக்க கிரீஸ் பூசி நுழைக்கலாம். ஒருமுறை உள்ளே துரு ஏறிய கேபிளை எண்ணெய் விட்டு உயிர்ப்பிக்கலாம், ஒரு மாதத்துக்கு. பிறகு மறுபடி இறுகும். மாற்றிவிடுங்கள், மாற்றும்போது பேக் பிளேட் பக்கத்து ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, கேபிளின் நடுப்பகுதி தொட்டில் போலத் தொங்கித் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். தண்ணீர் வந்த வழி இந்த இரண்டில் ஒன்று. நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, இரண்டு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். யோக்கை மாட்டியிருக்கும் கிளெவிஸ் பின்னுக்கு (ஆணிக்கு) மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ். அதன் ஸ்ப்ளிட் பின்னை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள், பழையதை நிமிர்த்தி மடக்கினால் அடுத்த தடவை மடக்கும்போது முறிந்துவிடும்.